மீன் இறங்குதளத்தில் சுறாவை இனங்கண்டு பதிவுசெய்யும் முறை

2016ஆம் ஆண்டு பிப்ரவரியில், மும்பையின் சசூன் கப்பல்துறையில் இறங்கிய மீன்களுக்கிடையே 266 சென்டிமீட்டர் நீளமுள்ள பெண் சுறா ஒன்று கிடந்தது. அதைப் பார்த்த ஆய்வாளர்கள் படமெடுத்து, அளந்து, ஆராய்ந்து, அது அற்றுப்போகும் விளிம்பில் இருக்கும் கங்கைச் சுறா என்று உறுதிசெய்தார்கள். பத்தாண்டுக்கும் மேலாக உறுதியான பதிவேதும் இல்லாதிருந்த ஓர் உயிரினம், மீனோடு மீனாக ஏலத்துக்கு வந்திருந்தது. அன்றைக்கு அதை அடையாளம் காணத் தெரிந்தவர் அங்கு இல்லாதிருந்தால், அது துண்டுகளாகி விற்றுத் தீர்ந்திருக்கும். அந்த இனம் அரபிக் கடலோரத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய சுறா ஒன்றும் உண்டு. 1839இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான அந்தச் சிறிய சுறாவின் உறுதியான மாதிரி 1979க்குப் பிறகு கிடைக்கவில்லை. அது அற்றே போய்விட்டதா, அல்லது துடுப்பு நுனி கறுத்த மற்றச் சிறு சுறாக்களோடு கலந்து இன்னும் ஏதோ ஒரு கூடையில் விலைபோகிறதா என்பதற்கு விடை தெரிய வேண்டுமானால், மீன் இறங்கும் இடங்களில் பார்க்கத் தெரிந்த கண்கள் வேண்டும். அப்படிப் பார்க்கக் கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர்களுக்காகவும் ஆசிரியர்களுக்காகவும் கடலோர ஊர்களின் இளைஞர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

சுறாவைக் கடலில் உயிரோடு பார்க்கும் வாய்ப்பு நம்மில் மிகச் சிலருக்கே கிடைக்கும். இறங்குதளத்தில் நாம் பார்ப்பது இறந்த உடல்தான் என்றாலும், அது எவ்வளவு காலம் வாழ்ந்தது, என்ன தின்றது, எந்த ஆழத்தில் திரிந்தது, ஈன்றதா, ஈன்றெடுக்கப்பட்டு எத்தனை வாரமாயிற்று என்பவை அந்த உடலிலேயே பதிந்திருக்கின்றன. உலகச் சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை அற்றுப்போகும் அபாயத்தில் உள்ளன என்று 2021இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. திறந்த பெருங்கடலில் வாழும் சுறாக்கள், திருக்கைகளின் எண்ணிக்கை 1970க்கும் 2018க்கும் இடையில் ஏறத்தாழ 71 விழுக்காடு சரிந்துவிட்டது. காரணம் மிகைமீன்பிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் கரைகளில் எந்த இனம் எவ்வளவு சரிந்தது என்று கேட்டால் விடை சொல்வது கடினம். பெரும்பாலான இடங்களில் வணிகக் கணக்கு எல்லாவற்றையும் 'சுறா' என்ற ஒரே பெயரில் எடைபோட்டு முடித்துவிடுகிறது. இனத்தின் பெயரும் நீளமும் பாலினமும் குறிக்கப்பட்ட ஒரு பதிவு, பெயரற்ற ஒரு டன் எடையைவிட அதிகம் சொல்லும்.

கிளம்பும் முன்

விடியலுக்கு முன்பே போய்விட வேண்டும். ஏலம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் பெரிய சுறாக்கள் வண்டியேறிவிடும், அல்லது தலையும் துடுப்பும் நீக்கப்பட்டு அடையாளம் இழந்துவிடும். சென்னையில் காசிமேடு, தெற்கே கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி, மேற்கே குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆகிய இடங்களில் சுறாக்கள் இறங்குகின்றன. ஆழ்கடலில் ஆயிரங்கால் தூண்டிலிட்டு (ஒரே நீண்ட கயிற்றில் வரிசையாகத் தொங்கும் பல தூண்டில் முட்கள்) சுறா பிடிப்பதில் பெயர்பெற்ற தூத்தூர்ப் பகுதிக் கடலோடிகள் தாங்கள் பிடித்ததில் பெரும்பகுதியைக் கொச்சியில் இறக்குவதால், பெருங்கடல் இனங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் கொச்சித் துறைமுகத்துக்குப் போவது பயன்தரும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நீட்டினால் இழுபடாத அளவுநாடா, நனைந்தாலும் எழுதக்கூடிய தாள், பென்சில், கையுறை, வழுக்காத ரப்பர் காலணி, கைபேசி ஆகியவை போதும். மையெழுதுகோல் வேண்டாம், முதல் துளித் தண்ணீரிலேயே எழுத்து கரைந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அனுமதி. இறங்குதளம் ஒரு பணியிடம். அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் அன்றைய வருமானம். ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காமல், மீனுக்கு உரியவரிடமோ வாங்கியவரிடமோ கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். எதற்காகப் பார்க்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மீன் விற்கும் பெண்களையும் ஐஸ் உடைக்கும் தொழிலாளர்களையும் தாண்டிச் சென்று படகு உரிமையாளரிடம் மட்டும் பேசும் பழக்கம் பலரிடம் உண்டு. கூடையில் என்னென்ன வந்திறங்கியது என்பது அந்தப் பெண்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இனத்தைக் கண்டறிதல்

முதலில் செவுள் பிளவுகளைப் பார்க்க வேண்டும். அவை தலையின் இரு பக்கங்களிலும் இருந்தால் அது சுறா. அடிப்பக்கத்தில் இருந்தால் அது திருக்கைக் கூட்டத்தைச் சேர்ந்தது. உழுவையும் (கிட்டார் வடிவத் திருக்கை) வேளாவும் (ரம்ப மூக்குத் திருக்கை) உடலமைப்பில் சுறாவைப் போலவே தோன்றினாலும், புரட்டிப் பார்த்தால் செவுள்கள் அடியில் இருக்கும். மார்புத் துடுப்புகளின் முன்விளிம்பு தலையோடு ஒட்டியிருக்கும். இவ்விரண்டும் பல பெருஞ்சுறாக்களைவிடவும் மோசமான அழிவு நிலையில் இருப்பதால், அவற்றைச் சுறா அல்ல என்று ஒதுக்கிவிடாமல் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும். வேளாவின் ரம்பம் போன்ற நீண்ட மூக்கு எந்த வலையிலும் சிக்கிக்கொள்ளும் என்பதே அந்த இனம் நம் கடலில் ஏறத்தாழ மறைந்துபோனதற்குப் பெருங்காரணம்.

சுறாதான் என்று தெரிந்த பிறகு, தலையிலிருந்து வால்வரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். நிறத்தை முதலில் நம்பக் கூடாது. ஐஸில் கிடந்த உடல் சில மணி நேரத்தில் வெளிறிவிடும். மூக்கின் வடிவம், வாயின் ஓரத்திலுள்ள வரிப்பள்ளத்தின் நீளம், முதல் முதுகுத் துடுப்பு எங்கே தொடங்குகிறது, இரண்டாவது முதுகுத் துடுப்பு குதத் துடுப்புக்கு நேராக இருக்கிறதா பின்தள்ளி இருக்கிறதா, இரண்டு முதுகுத் துடுப்புகளுக்கும் நடுவே தோலில் ஒரு மெல்லிய வரப்பு ஓடுகிறதா, துடுப்பு நுனிகளில் கறுப்பு எங்கெங்கே இருக்கிறது ஆகியவையே நம்பத்தக்க அடையாளங்கள். வரப்பைக் கண்ணால் தேடுவதைவிட விரலால் தடவித் தேடுவது எளிது.

இனி வரும் ஸ்கோலியோடான், லெவினி போன்றவை அறிவியல் பெயர்கள். நம் கரைகளில் மிகுதியாக இறங்குபவை சிறு சுறாக்கள். பால் சுறா என்று பொதுவாக அழைக்கப்படும் கூட்டத்தில் குறைந்தது இரண்டு இனங்கள் கலந்திருக்கும். மூக்கு மண்வெட்டியின் அலகு போலத் தட்டையாகப் பரந்திருந்தால் அது ஸ்கோலியோடான் இனம். மூக்கு நீண்டு, வாயின் ஓரங்களில் வரிப்பள்ளம் தெளிவாக நீண்டிருந்தால் அது ரைசோபிரியோனோடான் இனம். இரண்டிலும் இரண்டாவது முதுகுத் துடுப்பு குதத் துடுப்பைவிடப் பின்னால் தொடங்கும். ஸ்கோலியோடானின் முட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ளது, சுறாக்களிலேயே மிகச் சிறியது; அந்தச் சின்னஞ்சிறு முட்டையிலிருந்து வளரும் குட்டிக்குத் தாய் நஞ்சுக்கொடி வழியே உணவூட்டுகிறாள். கூடையில் மலிவாகக் கிடக்கும் இந்தச் சுறாவின் வயிற்றுக்குள் இப்படியொரு தாய்மை நடந்துகொண்டிருந்தது என்பதை அறிந்த பிறகு அந்தக் கூடையைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாது.

சுத்தியல் போல அகன்ற தலையுள்ள கொம்பன் சுறாவை யாரும் தவறவிட மாட்டார்கள். ஆனால் கொம்பன் என்று எழுதிவிட்டு நின்றுவிடக் கூடாது. தலையின் முன்விளிம்பு வளைந்து, நடுவில் ஒரு பள்ளமும் இருபுறம் அலைவளைவுகளும் இருந்தால் அது லெவினி இனம். நடுவில் பள்ளமே இல்லாமல் வழவழப்பாக வளைந்திருந்தால் சைகீனா. முன்விளிம்பு ஏறத்தாழ நேர்க்கோடாக, நடுவில் பள்ளத்தோடு இருந்து, முதல் முதுகுத் துடுப்பு அரிவாளைப் போல மிக உயர்ந்திருந்தால் அது பெருங்கொம்பனாகிய மொகரான். தலையின் அகலம் உடல் நீளத்தில் பாதியை நெருங்கும் அளவுக்கு இறக்கைபோல விரிந்திருந்தால் அது யூஸ்ஃபைரா. லெவினியும் மொகரானும் உலக அளவில் மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் இருப்பவை. எனவே பள்ளம் இருக்கிறதா என்ற சிறு வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால் பதிவின் பயன் பாதியாகிவிடும்.

கருநுனிச் சுறாக்களில்தான் பெருங்குழப்பம் நேரும். முதல் முதுகுத் துடுப்பின் நுனி கன்னங்கரேலென்று இருந்து, அதன் கீழே வெளிறிய பட்டை தெரிந்தால் அது பவளப்பாறைகளை அண்டி வாழும் மெலனாப்டெரஸ். முதல் முதுகுத் துடுப்பில் அடர்ந்த கருநுனி இல்லாமல், இரண்டாவது முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்புகளிலும் வாலின் கீழ்மடலிலும் மட்டும் கறுப்பு இருந்தால் அது பெரும்பாலும் சோரா. காணாமல்போன புதுச்சேரிச் சுறாவுக்கும் கிட்டத்தட்ட இதே இடங்களில்தான் கருநுனி இருக்கும். ஆகவே சோரா என்று தோன்றும் ஒவ்வொன்றையும், அது ஒரு மீட்டருக்கும் குறைவாக இருந்தால் இன்னும் கூடுதல் அக்கறையோடு, பற்கள் தெரியும்படி படமெடுத்து வைக்க வேண்டும். முடிவை நீங்களே எடுக்க வேண்டியதில்லை. படம் இருந்தால் தெரிந்தவர்கள் எடுப்பார்கள்.

பெருங்கடலிலிருந்து வருபவற்றில், தோல் பட்டுப்போல மென்மையாகவும், முதல் முதுகுத் துடுப்பு மார்புத் துடுப்பின் பின்முனையைத் தாண்டித் தொடங்குவதாகவும், இரண்டாவது முதுகுத் துடுப்பு தாழ்ந்து அதன் பின்முனை மட்டும் நீளமாக இழுபட்டதாகவும் இருந்தால் அது ஃபால்சிஃபார்மிஸ். வாலின் மேல்மடல் உடலளவு நீண்டிருந்தால் அது கசைவால் சுறா. அது அந்த வாலை வீசி மீன்கூட்டத்தை அடித்து மயக்கி உண்கிறது. உடலில் கோடுகளும், மழுங்கிய மூக்கும், சேவற்கொண்டை போல வளைந்து பக்கவாட்டில் ரம்பமாக வெட்டப்பட்ட பற்களும் கொண்டது புலிச் சுறா. அந்தப் பல்லமைப்பால்தான் அது ஆமையோட்டையும் உடைத்துத் தின்கிறது. கண்கள் பெரிதாகப் பச்சை ஒளி வீசி, முதுகுத் துடுப்புகளின் முன்னே முள் இருந்து, குதத் துடுப்பே இல்லாமல் இருந்தால் அது ஆழ்கடல் சுறா. ஈரல் எண்ணெய்க்காகப் பிடிக்கப்படும் அவற்றில் பல இனங்கள் ஓர் ஈற்றுக்கு ஒன்றோ இரண்டோ குட்டிதான் ஈனும். மாலத்தீவில் அத்தகைய சுறாக்களை நம்பித் தொடங்கிய எண்ணெய்த் தொழில் சில பத்தாண்டுகளிலேயே நொடித்துப்போனது.

பாலினமும் பருவமும்

இனத்தைவிட இந்தப் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதைச் செய்ய அறிவியல் பட்டம் எதுவும் தேவையில்லை. ஆனால் பெரும்பாலானோர் செய்வதில்லை.

சுறாவைப் புரட்டி, வயிற்றுத் துடுப்புகளைப் பாருங்கள். அவற்றின் உள்விளிம்பிலிருந்து பின்னோக்கி விரல் போன்ற இரண்டு உறுப்புகள் நீண்டிருந்தால் அது ஆண், இல்லையென்றால் பெண். அந்த உறுப்புகள் குட்டையாகவும் வளைத்தால் வளைவதாகவும் இருந்தால் அது இன்னும் பருவமடையாதது. நீண்டு, உள்ளே சுண்ணாம்பேறி விறைத்து, முன்பக்கம் திருப்பினால் தடையின்றித் திரும்புவதாக இருந்தால் அது பருவமடைந்தது. பெண் சுறாக்களில் வெளியிலிருந்து பருவத்தைச் சொல்வது கடினம். வயிறு புடைத்திருப்பதும், மார்புத் துடுப்பிலும் விலாவிலும் இணைசேரும்போது ஆண் கடித்த தழும்புகள் இருப்பதும் குறிப்புகள். வயிற்றைக் கிழிக்கும் இடத்தில் நிற்க நேர்ந்தால், உள்ளே குட்டிகள் இருந்தனவா, எத்தனை, எவ்வளவு நீளம் என்று கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, மார்புத் துடுப்புகளுக்கு இடையே அடிப்பக்கத்தின் நடுக்கோட்டில் தொப்புள் தழும்பைத் தேடுங்கள். அது ஒரு திறந்த பிளவாக இருந்தால் அந்தக் குட்டி பிறந்து சில நாட்களே ஆகியிருக்கும். ஓரங்கள் மூடி, கோடாகத் தெரிந்தால் சில வாரங்கள். சுவடே இல்லாவிட்டால் முதல் பருவத்தைக் கடந்துவிட்டது. ஒரே நாளில், ஒரே வலையில், திறந்த தொப்புளோடு பத்துக் கொம்பன் குட்டிகள் வந்திருந்தால், அந்தப் படகு மீன்பிடித்த இடத்துக்கு அருகில் ஓர் ஈற்றிடம் இருக்கிறது என்று பொருள். லெவினி இனத்தின் தாய்கள் ஆழத்திலிருந்து கரையோர ஆழங்குறைந்த விரிகுடாக்களுக்கு வந்து ஈன்றுவிட்டுப் போகின்றன. குட்டிகள் பெருஞ்சுறாக்களுக்கு அஞ்சி அங்கேயே ஓராண்டோ அதற்கு மேலோ வளர்கின்றன. விசைப்படகின் இழுவை மடி (இழுவலை) போகும் ஆழமும் அதுதான். எனவே இந்த ஒரு தழும்பைக் குறித்து வைப்பது, எந்த இடத்தை எந்த மாதத்தில் விட்டுவைக்க வேண்டும் என்ற கேள்விக்கு நேரடியான தரவாகிறது.

பருவமடையும் நீளத்தையும் அருகில் வைத்துப் பாருங்கள். லெவினி பிறக்கும்போது ஏறத்தாழ 40 முதல் 55 சென்டிமீட்டர். பெண் பருவமடைவது ஏறத்தாழ 2 மீட்டரில். ஃபால்சிஃபார்மிஸும் 2 மீட்டரைத் தாண்டியே பருவமடைகிறது. ஸ்கோலியோடானோ 35 சென்டிமீட்டர் அளவிலேயே ஈனத் தொடங்கிவிடும். அதனால்தான் பல பத்தாண்டுகளாகப் பிடிக்கப்பட்டும் பின்னது இன்னும் கூடைகளில் நிறைந்திருக்கிறது; முன்னவை குறைந்துவிட்டன. மத்தி போன்ற மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு ஓரிரு ஆண்டுகளில் தன் எண்ணிக்கையை மீட்டுக்கொள்ளும். கொம்பனோ பத்தாண்டுக்கு மேல் வளர்ந்து, பல மாதம் சுமந்து, சில பத்துக் குட்டிகளை ஈன்று, அவற்றிலும் பெரும்பான்மையைப் பகைமீன்களுக்கு இழக்கிறது. ஒரு மீட்டருக்குக் குறைவான கொம்பன்கள் மட்டுமே இறங்கும் தளத்தில், ஒருமுறைகூட ஈனாதவையே பிடிபடுகின்றன.

அளப்பதும் படமெடுப்பதும்

மூக்கு நுனியிலிருந்து வாலின் மேல்மடல் நுனிவரை நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். நாடாவை உடலின் வளைவின் மேல் படியவைத்து அளந்தால் நீளம் கூடிவிடும். சுறாவின் பக்கத்தில் தரையில் நாடாவை விரித்து, இரு முனைகளையும் நேராகப் பார்த்துக் குறிக்க வேண்டும். வால் அறுபட்டிருந்தால், மூக்கிலிருந்து வால் தொடங்கும் குழிவுவரை அளந்து, எந்த அளவு எடுத்தோம் என்பதையும் எழுத வேண்டும். தலையும் நீக்கப்பட்டிருந்தால் இரண்டு முதுகுத் துடுப்புகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளக்கலாம்.

படங்கள் குறைந்தது நான்கு வேண்டும்: நாடாவும் தேதி எழுதிய தாளும் தெரியும்படி முழு உடலின் பக்கத் தோற்றம், தலையின் அடிப்பக்கம், திறந்த வாயில் பற்கள், முதுகுத் துடுப்புகள். மூக்கின் அடியில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் துளைகளையும் நெருங்கி ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். 1678இல் லொரென்சினி விவரித்த அந்தத் துளைகள் வழியாகத்தான், மணலுக்குள் புதைந்திருக்கும் மீனின் உடலிலிருந்து கசியும் மிக நுண்ணிய மின்புலத்தைச் சுறா உணர்கிறது. கொம்பனின் பரந்த தலை, அந்தத் துளைகளை அகலமாக விரித்துக் கடலடியைத் துழாவ உதவுகிறது.

கடலோடிகளிடம் கேட்க வேண்டியவை நான்கே: எந்தப் பக்கம், எத்தனை பாகம் தண்ணீரில், எந்த வலையில், எப்போது. "அண்ணே, இது எங்க பட்டுச்சு?" என்று கேட்டால், ஆழத்தைப் பாகக் கணக்கிலும் திசையைக் காற்றின் பெயராலும் சொல்வார்கள். அதை அப்படியே எழுதிக்கொண்டு பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும்; ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி. முன்பு இந்தச் சுறா எவ்வளவு வந்தது, இப்போது எவ்வளவு வருகிறது என்று மூத்த கடலோடிகளிடம் கேட்பது, எந்த ஆவணத்திலும் இல்லாத செய்தியைத் தரும். ஆனால் குறிப்பேட்டை நீட்டிக்கொண்டு கேட்காமல், அவர் வலை பிரித்து ஓய்ந்த பிறகு கேளுங்கள்.

சட்டம் காக்கும் இனமும் உயிருள்ள சுறாவும்

இந்தியாவில் திமிங்கலச் சுறா 2001 மே மாதம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் கங்கைச் சுறா, புதுச்சேரிச் சுறா, வேளா இனங்கள் உட்பட மொத்தம் 10 சுறா, திருக்கை இனங்கள் பாதுகாப்புப் பெற்றன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பட்டியல் மேலும் நீண்டது. துடுப்பு உடலோடு ஒட்டிய நிலையில்தான் சுறா கரைக்கு வர வேண்டும் என்ற விதி 2013இல் வந்தது; சுறாத் துடுப்பு ஏற்றுமதி 2015இல் தடைசெய்யப்பட்டது. களத்துக்குப் போகும்முன் நடப்புப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. பாதுகாக்கப்பட்ட இனத்தின் பல், துடுப்பு, தோல், எதையும் நினைவுப்பொருளாகக்கூட எடுத்துச் செல்லக் கூடாது. திசு மாதிரி எடுப்பதும் உரிய அனுமதியோடு மட்டுமே.

அத்தகைய இனத்தைக் கண்டால் படமெடுத்து, வனத்துறைக்கோ அருகிலுள்ள மத்தியக் கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கோ தெரிவியுங்கள். படகின் பதிவெண்ணையும் கடலோடியின் முகத்தையும் இணையத்தில் வெளியிடாதீர்கள். நம் கரைகளில் இறங்கும் சுறாக்களில் பெரும்பகுதி வேறு மீனுக்கு விரித்த வலையில் தற்செயலாகச் சிக்கியது. துடுப்புக்காக மட்டுமே சுறா கொல்லப்படுகிறது என்ற சித்திரம் பெருங்கடல் கப்பல்கள் பலவற்றுக்குப் பொருந்தும்; இறைச்சி முழுவதும் உள்ளூரிலேயே உண்ணப்படும் நம் கரைக்குப் பொருந்தாது. கடலோடியைக் குற்றவாளியாக்கினால் அடுத்த முறை அந்தச் சுறா கரைக்கே வராது, கடலில் வீசப்படும். செய்தியும் அதோடு போய்விடும்.

குஜராத்தில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்பு திமிங்கலச் சுறாவை எண்ணெய்க்காக வேட்டையாடிய அந்தக் கரையில், 2004இல் தொடங்கிய இயக்கத்தில் இராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, பிள்ளை பெறத் தாய்வீடு வரும் மகளைப் போல அதைப் பாருங்கள் என்று மீனவர்களிடம் பேசினார். வலையை அறுத்து விடுவிப்பவர்களுக்கு அறுந்த வலைக்கான இழப்பீடும் கிடைத்தது. அதன்பின் நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் அங்கே கடலுக்குத் திரும்பியுள்ளன. 1995இல் தைவானில் பிடிபட்ட ஒரே தாயின் வயிற்றில் ஏறத்தாழ 300 கருக்குட்டிகள் இருந்தன என்பதை நினைத்தால், விடுவிக்கப்படும் ஒரு பெண் சுறாவின் மதிப்பு விளங்கும்.

விடுவிக்கும் முறையைக் கடலோடிகளோடு பேசும்போது சில செய்திகளைப் பகிரலாம். பெரிய சுறாவைப் படகில் ஏற்றாமல் நீரிலேயே வைத்து வலையை அறுக்க வேண்டும். வாலில் கயிறு கட்டி இழுத்தால் நீர் செவுளுக்குள் தலைகீழாகப் புகுந்து மூச்சடைக்கும். தூண்டிலில் பட்டதென்றால், கொளுவியால் (கொக்கிக் கோல்) குத்தித் தூக்காமல், தூண்டில் முள்ளுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் தூண்டில் நரம்பை வெட்ட வேண்டும். எல்லா இனமும் ஒரே அளவு தாங்காது. கொம்பன் நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சுவிட முடியும். வலையில் நின்றதும் விரைவில் இறந்துவிடும், அதனால் அது சிக்காமல் பார்ப்பதே காக்கும் வழி. கடலடியில் படுத்து வாழ்ந்து, முட்டையிடும் மூங்கில் சுறாவோ வாயால் நீரை உறிஞ்சிச் செவுள் வழியே செலுத்தத் தெரிந்தது. நீருக்கு வெளியிலும் பல மணி நேரம் உயிர்தாங்கும். இழுவை மடியிலிருந்து கொட்டப்பட்ட குவியலில் அது நெளிந்துகொண்டிருந்தால், அள்ளிக் கடலில் விட்டாலே போதும்.

பால் சுறா வாங்கும் வீடுகளுக்கு ஒரு சொல்

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறாப் புட்டு செய்து கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். அந்த வழக்கத்தை இகழ்வது என் நோக்கமன்று. ஆனால் சுறா உணவுச் சங்கிலியின் மேற்படியில் இருப்பதால் அதன் தசையில் பாதரசம் சேர்கிறது. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சேர்த்திருக்கிறது. பால் சுறா என்று விற்கப்படும் கூடையில் கொம்பனின் குட்டிகளும் கலந்துவிடுவதுண்டு. இந்த வழிகாட்டியில் சொன்ன அடையாளங்களைச் சந்தையிலும் பார்க்கலாம்: மூக்கு தட்டையாக இருக்கிறதா, தொப்புள் திறந்திருக்கிறதா. திறந்த தொப்புளோடு இருப்பதை வாங்காமல், விற்கும் அக்காவிடம் காரணத்தையும் சொல்லிவிட்டு வரலாம்.

பதிவுகளை அன்றே தாளிலிருந்து கணினிக்கு மாற்றிவிட வேண்டும். தேதி, தளம், இனம், நீளம், பாலினம், பருவம், தொப்புள் நிலை, வலை, ஆழம், பட எண் என்று ஒரு வரிக்கு ஒரு சுறா. இனம் உறுதியில்லையெனில் 'உறுதியில்லை' என்றே எழுதுங்கள். உயிரினப் படங்களைப் பகிர்ந்து இனங்காணும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் படங்களை ஏற்றினால் வெளிநாட்டு வல்லுநர்களும் இனத்தைச் சரிபார்ப்பார்கள். சுறா ஒன்றுமே இறங்காத நாளையும், எத்தனை படகு பார்த்தோம் என்ற எண்ணோடு பதிவுசெய்ய வேண்டும். வந்தவற்றை மட்டும் எழுதிய குறிப்பேட்டிலிருந்து ஓர் இனம் குறைகிறது என்பதை ஒருபோதும் காட்ட முடியாது.